ஆம்ப்ளிஃபயரில் ஹம் அடிக்கிறதா? முதலில் ஒயரைக் கழற்றுங்கள்

பாட்டு ஓடும்போது பெரும்பாலும் தெரியாது. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த நாலைந்து நொடியில், அதுவும் ராத்திரி தெரு அடங்கிய பிறகு, ஸ்பீக்கரிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் வரும். ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் அவ்வளவுதான், அப்புறம் காது பாட்டை விட்டுவிட்டு அதையே தேடும். மைக்செட் போடுகிறவர்கள் இதை ‘ஹம் அடிக்குது’ என்பார்கள். அந்தப் பேரையே நாமும் வைத்துக்கொள்வோம்.

என் வீட்டில் இது வந்தபோது நான் செய்த முதல் காரியம், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் விரல் தடிமனில் தங்கமுலாம் பூசிய ஆர்.சி.ஏ. ஒயர் (பாட்டு வரும் கருவியை ஆம்ப்ளிஃபயரோடு சேர்ப்பது) ஒரு ஜோடி வாங்கியது. மாட்டினேன். ஹம் அசையவில்லை. ஸ்பீக்கர் ஒயரை மாற்றினேன். ஒரு ஸ்டெபிலைசர் வைத்தேன். அது தன் பங்குக்குத் தனியாக உறுமியது. மூன்று மாதம் கழித்து, செட்டாப் பாக்ஸ் மாற்ற வந்த கேபிள்காரர் பின்பக்கம் கேபிளைத் திருகிக் கழற்றிய அதே நொடியில் ஹால் சட்டென்று அமைதியானது. “அண்ணே, அதைத் திரும்ப மாட்டுங்க… இப்ப கழட்டுங்க… மறுபடி மாட்டுங்க” என்று நாலு தடவை செய்யச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்கோ வாங்கிய ஒயர்கள் எல்லாம் கண்முன் வந்து போயின.

அதனால் இந்தக் கட்டுரையில் எதையும் வாங்கச் சொல்லப் போவதில்லை, கடைசியில் ஒன்றிரண்டு தவிர. கழற்றிக் கழற்றித்தான் ஹம்மின் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அரை மணி நேர வேலை.

எர்த் பின்னில் கை வைக்காதீர்கள்

தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரிடம் கேட்டாலும் முதலில் கிடைக்கும் யோசனை இதுதான்: “மூணு பின் பிளக்கில் மேல் பின்னை வெட்டி விடு, ஹம் நின்றுவிடும்.” பல சமயம் நிற்கவும் செய்யும். அதுதான் வம்பு. பலன் உடனே தெரிவதால் அது சரியான வைத்தியம் என்று நம்பிவிடுகிறோம்.

ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டி எர்த்தோடு சேர்ந்திருப்பது ஒரே ஒரு நாளுக்காக. டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் பழுதாகி ஃபேஸ் பெட்டியைத் தொடும் நாள் அது. எர்த் இருந்தால் அந்தக் கணமே ஃபியூஸ் போகும், அல்லது டிரிப் ஆகும். எர்த் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது; 230 வோல்ட் பெட்டியின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். ஆர்.சி.ஏ. ஒயரின் வெளிவலை (உள்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னல்) வழியாக அது டிவிடி பிளேயர், இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிள், கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றின் உலோகப் பகுதிக்கும் போய்ச் சேரும். இசைத்தட்டின் மேல் ஊசியை வைக்கப் போகிறவர் ஊசியைத் தாங்கும் டர்ன்டேபிளின் உலோகக் கையைத் தொடுவார்.

இரண்டு பின்னோடு கம்பெனியிலிருந்தே வரும் கருவிகளின் கதை வேறு. அவற்றின் பின்பக்கம் சதுரத்துக்குள் சதுரமாக ஒரு முத்திரை இருக்கும். இரட்டை இன்சுலேஷன் என்று பொருள். அவற்றுக்கு எர்த் தேவையில்லை. மூன்று பின்னோடு வந்ததை இரண்டாக்குவதுதான் கூடாது.

காதை எங்கே வைப்பது

சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா, ஆம்ப்ளிஃபயர் பெட்டியிலிருந்தே வருகிறதா? கேள்வி வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் சின்ன அறையில் இரண்டும் கலந்துதான் கேட்கும். பெட்டியின் மேல் உள்ளங்கையை வையுங்கள், காதைக் கிட்டே கொண்டு போங்கள். பெட்டி அதிர்ந்தால் அது டிரான்ஸ்ஃபார்மர் தகடுகளின் அதிர்வு. கடைசியில் அதற்கு வருகிறேன்.

ஸ்பீக்கரிலிருந்து வந்தால், அது எந்த மாதிரிச் சத்தம்? ‘ஸ்ஸ்ஸ்’ என்று மணல் கொட்டுவது போல் இருந்தால் அது ஹம் இல்லை. எல்லா ஆம்ப்ளிஃபயரிலும் ட்வீட்டர் (கீச்சு ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) பக்கத்தில் காதை வைத்தால் அது கொஞ்சம் கேட்கும், விட்டுவிடுங்கள். ‘ம்ம்ம்’ என்று அடித்தொண்டையில் வந்தால் அதுதான் ஹம். ‘ர்ர்ர்’ என்று தேனீக் கூட்டம் போல் கரகரத்தால் அது ஹம்மின் தம்பி. பெரும்பாலும் ஃபேன் ரெகுலேட்டர், சார்ஜர், இன்வெர்ட்டர் வகையறாவிலிருந்து வருவது.

நம் வீட்டுக் கரண்ட் நொடிக்கு 50 தடவை ஏறி இறங்குகிறது. ஒயர் வழியாக நுழையும் ஹம் 50 ஹெர்ட்ஸில் இருக்கும். ஆம்ப்ளிஃபயரின் பவர் சப்ளை அந்த அலையை மடித்து டிசி ஆக்கும்போது அது 100 ஆகிவிடும். உள்ளே அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கெப்பாசிட்டர் பலவீனமானால் 100 ஹெர்ட்ஸ் ஹம் வரும். செல்போனில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் செயலி ஒன்றைப் போட்டு ஸ்பீக்கர் முன்னால் பிடித்தால் எந்த இடத்தில் கம்பம் உயர்கிறது என்று பார்க்கலாம். ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். நாலு அங்குல ஸ்பீக்கரால் 50 ஹெர்ட்ஸைச் சரியாக எழுப்ப முடியாது, போன் மைக்கும் அதைச் சரியாகப் பிடிக்காது. 50-இன் மடங்கான 100-உம் 150-உம்தான் அதில் தெரியும்.

வால்யூம் குமிழே பாதி விடை

எதையும் ஓடவிடாமல், வால்யூமைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். ஹம்மும் கூடவே ஏறினால், கோளாறு வால்யூம் குமிழுக்கு முன்னால் இருக்கிறது: பாட்டு வரும் கருவி, அதன் ஒயர், அது செருகிய இடம். குமிழ் எங்கே இருந்தாலும் ஹம் ஒரே அளவில் இருந்தால், குமிழுக்குப் பின்னால்: ஆம்ப்ளிஃபயரின் பவர் பகுதி. (பவர் ஆம்ப் தனியாக வைத்திருப்பவர்கள், உள்ளேயே ஆம்ப் இருக்கும் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் நடுவில் போகும் ஒயரையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

அப்புறம் செலக்டரைத் திருப்பிப் பாருங்கள். டிவியில் வைத்தால் ஹம், சிடியில் வைத்தால் இல்லை என்றால் பாதி வேலை முடிந்தது. எல்லாவற்றிலும் வந்தாலும் சோர்ந்துவிட வேண்டாம். செலக்டர் உள்கம்பியை மட்டுமே மாற்றுகிறது. எல்லா ஒயர்களின் வெளிவலையும் உள்ளே ஒன்றாகவே சேர்ந்திருக்கும். டிவி ஒயர் கொண்டுவரும் தொல்லை சிடியிலும் கேட்கலாம்.

இப்போது கழற்றுவோம். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் ஒயரும் பவர் கார்டும் தவிர எல்லாவற்றையும் உருவுங்கள். எல்லாம் என்றால் எல்லாம்: ஆர்.சி.ஏ., ஹெச்.டி.எம்.ஐ., ரேடியோ ஆன்டெனா, இன்டர்நெட் ஒயர், சப்வூஃபருக்குப் போவது. அணைக்காமல் உருவினால் ‘டொம்’ என்று ஸ்பீக்கர் அதிரும். ஆர்.சி.ஏ. பின்னில் நடுக்கம்பி முதலில் தொட்டு, வெளிவளையம் பிறகுதான் தொடுகிறது. அந்த இடைவெளியில் முழு ஹம்மும் ஸ்பீக்கருக்குள் பாயும்.

திரும்பப் போடுங்கள். அமைதியா? அப்படியானால் ஆம்ப்ளிஃபயர் நிரபராதி. இனி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் அணைத்து, மாட்டி, போட்டு, கேட்க வேண்டும். பொறுமையில்லாமல் இரண்டை ஒன்றாக மாட்டினால் எது என்று தெரியாமல் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நான் அதையும் செய்திருக்கிறேன்.

ஒரே வீட்டில் இரண்டு எர்த்

முக்கால்வாசி வீடுகளில் திருடன் இங்கேதான் அகப்படுவான். இதைக் கிரவுண்ட் லூப் என்பார்கள்.

ஆம்ப்ளிஃபயருக்கு மூன்று பின், கம்ப்யூட்டருக்கும் மூன்று பின். இரண்டின் பெட்டியும் சுவர் வழியாக எர்த்தில் சேர்கின்றன. நடுவில் ஆர்.சி.ஏ. ஒயரின் வெளிவலை இன்னொரு வழியாக அவற்றைச் சேர்க்கிறது. ஆக ஒரு வட்டம் முடிந்துவிட்டது. எர்த் என்றால் பூஜ்யம்தானே, பூஜ்யத்துக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே என்ன ஓடும் என்று கேட்கலாம். ஹால் பிளக்கின் எர்த்துக்கும் படுக்கையறை பிளக்கின் எர்த்துக்கும் சில மில்லிவோல்ட்டாவது வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் வெளிவலையில் ஒரு சிறு கரண்ட்டை ஓட்டுகிறது. பாட்டு திரும்பிப் போகும் வழியும் அதே வெளிவலைதான். அங்கே ஏறும் 50 ஹெர்ட்ஸைப் பாட்டின் பகுதி என்றே ஆம்ப்ளிஃபயர் நினைத்துக்கொண்டு பெருக்கிவிடுகிறது.

முதல் வைத்தியத்துக்குக் காசு வேண்டாம். ஒன்றோடொன்று ஒயரால் சேர்ந்த எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். வட்டம் சிறியதாகிவிடும். பாதிப் பேருக்கு இதோடு தொல்லை தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் கேபிள் டிவியைப் பாருங்கள். என் வீட்டில் நான் மூன்று மாதம் ஏமாந்ததற்குக் காரணம் இருக்கிறது. செட்டாப் பாக்ஸ் ஓடுவது இரண்டு பின் அடாப்டரில். அதற்கு ஏது எர்த் என்று விட்டுவிட்டேன். எர்த் சுவரிலிருந்து வரவில்லை, கேபிளோடு வந்தது. தெருக் கம்பத்திலிருந்து மாடிக்கு மாடி தாவி வரும் அந்தக் கறுப்பு ஒயரின் வெளிவலை, வழியில் எத்தனையோ வீட்டுப் பெட்டிகளையும் கேபிள்காரரின் பூஸ்டர்களையும் தொட்டுவிட்டு வருகிறது. அந்தத் தெருவின் எர்த்தையெல்லாம் சேர்த்து நம் ஹாலுக்குள் கொண்டுவந்து விடுகிறது. கழற்றும்போது கையில் சுருக்கென்று அடித்தாலோ, டெஸ்டர் வைத்தால் பிரகாசமாக எரிந்தாலோ அந்தக் கேபிளைத் தொடாமல் கேபிள்காரரையும் எலக்ட்ரீஷியனையும் கூப்பிடுங்கள். அது ஹம் பிரச்சினை மட்டும் இல்லை.

இதற்கு இரண்டு வழி. கேபிளுக்கும் பெட்டிக்கும் நடுவே திருகும் விரலளவு ஐசொலேட்டர் உண்டு; உள்ளே இருக்கும் சிறு கெப்பாசிட்டர்கள் டிவி சிக்னலை விட்டு 50 ஹெர்ட்ஸை மறிக்கும். டிஷ் வைத்திருப்பவர்கள் இதை யோசிக்காமல் மாட்டக் கூடாது. டிஷ் தலைக்கு வேண்டிய டிசி கரண்ட் அதே கேபிளில்தான் மேலே போகிறது; அதையும் மறித்துவிட்டால் படம் வராது.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி, ஆப்டிகல் ஒயர். 1983-இல் தோஷிபா டாஸ்லிங்க் என்ற பேரில் கொண்டுவந்தது. உலோகமே இல்லாத பிளாஸ்டிக் இழை, உள்ளே சிவப்பு வெளிச்சமாகப் பாட்டு போகும். உலோகம் இல்லை, அதனால் வட்டமும் இல்லை. செட்டாப் பாக்ஸ் ஹெச்.டி.எம்.ஐ. வழியாக டிவிக்கு, டிவியிலிருந்து ஆப்டிகல் வழியாக ஆம்ப்ளிஃபயருக்கு. ஆம்ப்ளிஃபயரில் அந்த ஓட்டை இல்லையென்றால் டிஜிட்டலை அனலாக் ஆக்கும் சின்னக் கன்வர்ட்டர் ஒன்று நடுவில் வேண்டும். டிவியின் ஆடியோ செட்டிங்கை பி.சி.எம். என்று மாற்ற மறந்தால் சத்தமே வராமல் போகலாம். மலிவுக் கன்வர்ட்டரைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போகிறவர்களில் பலர் இதை மறந்தவர்கள்தான் என்பது என் எண்ணம்.

கம்ப்யூட்டர், லேப்டாப் என்றால் சோதனை சுலபம். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்குங்கள். பாட்டரியில் ஓடும்போது ஹம் இல்லையென்றால் விடை கிடைத்துவிட்டது. இரண்டு பின் சார்ஜரும் விதிவிலக்கில்லை. உலோக உடம்புள்ள லேப்டாப்பில் விரலை லேசாக உரசினால் வழவழப்புப் போய் ஒரு நறநறப்புத் தெரியுமே, சார்ஜர் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் அந்தக் கரண்ட்தான் ஸ்பீக்கரில் ‘ர்ர்ர்’ ஆகிறது. கடையில் ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்று சின்னப் பெட்டி விற்பார்கள். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். பாட்டைக் காந்தப்புலமாக்கி அந்தப் பக்கம் கொடுக்கும், எர்த்தை விடாது. வேலை செய்யும். மலிவானவற்றில் பேஸ் மெலிந்துவிடும், ஏனென்றால் அந்தக் குட்டி இரும்பால் ஆழமான ஒலியைச் சுமக்க முடியாது. சோதனைக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். நல்ல செட்டில் நிரந்தரமாக விட எனக்கு மனசு வராது.

டர்ன்டேபிள் வைத்திருப்பவர்களுக்கு

இசைத்தட்டு திரும்ப வந்த பிறகு ஹம்மும் கூடவே திரும்ப வந்திருக்கிறது. சிடி பிளேயர் கொடுப்பது 2 வோல்ட். டர்ன்டேபிள் கையின் நுனியில் ஊசியோடு இருக்கும் சாதாரண மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் கொடுப்பதோ 5 மில்லிவோல்ட் அளவு, நானூறில் ஒரு பங்கு. அதை ஆம்ப்ளிஃபயரில் டர்ன்டேபிளுக்கென்றே இருக்கும் ஃபோனோ பகுதி நூறு மடங்கு பெருக்குகிறது. இதோடு நின்றால் பரவாயில்லை. தட்டில் பள்ளம் அகன்றுவிடாமல் இருக்க வெட்டும்போது பேஸைக் குறைத்துத்தான் வெட்டுவார்கள், 1954-இல் அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. நிர்ணயித்த கணக்குப்படி, கேட்கும்போது அந்த பேஸை ஏற்றிக் கொடுக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸில் அந்த ஏற்றம் இன்னும் ஏழு மடங்கு. ஆகக் கூட்டிப் பார்த்தால், வெளியிலிருந்து நுழையும் ஹம் எழுநூறு மடங்காக ஸ்பீக்கருக்குப் போகிறது. சிடியில் கேட்காத ஹம் தட்டில் மட்டும் கேட்பதில் ஆச்சரியம் இல்லை.

டர்ன்டேபிளின் பின்னால் சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ. ஒயர்களோடு முடிபோல் மெல்லிய மூன்றாவது ஒயர் ஒன்று தொங்கும், நுனியில் கவட்டை மாதிரி ஒரு தகடு. புதிதாக வாங்கியவர்கள் இதை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் சுருட்டி வைத்துவிடுவார்கள். ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ ஓட்டைகளுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தி, கவட்டையை உள்ளே நுழைத்து, இறுக்குங்கள். உலோகக் கையை விரலால் தொட்டால் ஹம் குறைகிறதா? அப்படியானால் இந்த ஒயர்தான் எங்கோ விட்டிருக்கிறது. உங்கள் உடம்பு அதன் வேலையைச் செய்கிறது. உள்ளேயே ஃபோனோ ஆம்ப் இருக்கும் டர்ன்டேபிளில் இந்த ஒயர் இல்லாமலும் இருக்கலாம். அதில் சுவிட்ச் லைனில் இருந்தால் ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் ஓட்டைக்கும், ஃபோனோவில் இருந்தால் ஃபோனோ ஓட்டைக்கும்தான் போக வேண்டும்.

ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் ஹம் என்றால் கார்ட்ரிட்ஜின் பின்னால் வரும் நாலு மயிரிழை ஒயர்களைப் பாருங்கள். வெள்ளையும் நீலமும் இடது பக்கம், சிவப்பும் பச்சையும் வலது பக்கம். அதில் ஒன்று கழன்றிருக்கும். ட்வீசரால் தகட்டைப் பிடித்துச் செருக வேண்டும். ஒயரைப் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டே செய்யுங்கள்.

இடமும் முக்கியம். அழகுக்காக ஆம்ப்ளிஃபயரின் தலைமேலேயே டர்ன்டேபிளை வைத்திருப்பார்கள். கீழே டிரான்ஸ்ஃபார்மர், மேலே காந்தத்தை உணர்வதற்கென்றே செய்த கார்ட்ரிட்ஜ். தட்டைச் சுழலவிடாமல் கையைத் தூக்கி மெதுவாக உள்ளே வெளியே நகர்த்திப் பாருங்கள். இடத்துக்கு இடம் ஹம் ஏறி இறங்கினால் காந்தப்புலம்தான். கொஞ்சம் தள்ளி வைத்தாலே போதும்; தூரம் இரண்டு மடங்கானால் அந்தப் புலம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். பின்பக்கம் பவர் கார்டுகளையும் சிக்னல் ஒயர்களையும் ஒன்றாகச் சேர்த்து டை போட்டுக் கட்டாதீர்கள். ஒன்றையொன்று தாண்ட வேண்டுமென்றால் குறுக்கே தாண்டட்டும்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் உப்புக் காற்றில் ஆர்.சி.ஏ. ஓட்டைகளில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பின்னின் வெளிவளையம் தளர்ந்திருந்தால் குறடால் மிக மெதுவாக ஒரு அழுத்து. செருகியபோது இறுக்கமாகப் பிடிக்க வேண்டும்.

வீட்டு ஒயரிங்

ஃபேனை முழு வேகத்துக்குத் திருப்பியதும் கரகரப்புக் குறைந்தால் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்தான் காரணம். அலையை நடுவில் வெட்டி வெட்டிக் கொடுப்பது அதன் தொழில். அதை எடுத்துவிட்டு, கெப்பாசிட்டர் வைத்த படிப்படி ரெகுலேட்டரைப் போட்டுவிடலாம். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறியதும் சத்தம் கூடினால் அது சதுர அலை இன்வெர்ட்டர். சைன் அலை இன்வெர்ட்டருக்கு இந்தத் தொல்லை குறைவு.

பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை இருக்கும், உள்ளே ஒயர் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எர்த் குழிக்கு வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றுவது நல்ல பழக்கம், ஆனால் அதனால் கிரவுண்ட் லூப் போகாது. ஆடியோவுக்கென்று தோட்டத்தில் தனியாக ஒரு கம்பி அடித்து எர்த் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது வட்டத்தைப் பெரிதாக்கும், ஆபத்தும்கூட. ஜன்னல் கம்பியில் ஒயரைச் சுற்றுவது அதைவிட மோசம். கோளாறு வரும் நாளில் ஜன்னலே அடிக்கும்.

எல்லாவற்றையும் கழற்றியும் நிற்கவில்லை என்றால்

ஆம்ப்ளிஃபயரே குற்றவாளி. பெட்டி மட்டும் உறுமி, ஸ்பீக்கர் சும்மா இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் திருகு தளர்ந்திருக்கலாம். அல்லது அதே லைனில் ஓடும் வேறு ஏதாவது கரண்ட்டோடு கொஞ்சம் டிசியைக் கலக்கலாம். அரை வேகத்தில் ஓடும் ஹேர் டிரையர் அப்படிச் செய்யும். அது ஓடும்போது மட்டும் உறுமுகிறதா என்று கவனித்தால் தெரிந்துவிடும்.

ஸ்பீக்கரில் வந்தால் பெரும்பாலும் பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர்கள். உள்ளே இருக்கும் திரவம் நம் ஊர்ச் சூட்டில் வருஷக் கணக்கில் காய்ந்துபோகும். சிலதன் தலை பூரி மாதிரி உப்பியிருக்கும். மூடியை நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் கரண்ட் தங்கியிருக்கும்.

மெக்கானிக்கிடம் போகும்போது “ஹம் வருது” என்று மட்டும் சொன்னால் அவரும் ஒயரிலிருந்துதான் ஆரம்பிப்பார், கூலியும் அதற்கேற்ப ஏறும். “எதுவும் மாட்டாமல், வால்யூம் பூஜ்யத்தில், இரண்டு பக்கமும் ஒரே அளவு ஹம்; போனில் பார்த்தால் 100 ஹெர்ட்ஸ்” என்று சொல்லுங்கள். நேராகக் கெப்பாசிட்டருக்குப் போவார்.